பதினோராவது பல்

பகலில் மனிதர்களுக்குப் பல் செய்கிறேன்.
பிட்கோஷ்ச் நகரம், பிர்தா ஆற்றுப் பாலத்தை ஒட்டி,
இரண்டாம் மாடி, வடக்குப் பார்த்த சன்னல்.
பல்லின் நிறம் பார்க்க
வடக்கு வெளிச்சம்தான் பொய் சொல்லாது.

இரவில் அதே மேசை, அதே பிசின், அதே அரம்.
செய்வது மட்டும் பற்சக்கரம்.

நெப்டா என்றொரு விளையாட்டுப் பெட்டி இருந்தது.
முப்பது வருடமாக யாரும் அதைத் தயாரிப்பதில்லை.
வட்டு உள்ளே போவதும் வெளியே வருவதும்
சட்டைப் பொத்தான் அளவு வெள்ளைச் சக்கரம் ஒன்றின் தயவில்.
பதினான்கு பல் அதற்கு.
அது வெடித்துவிட்டால்
மற்றதெல்லாம் உயிரோடு இருந்தும்
பெட்டி வாயைப் பிளந்தபடி கிடக்கும்.
பல்லுப் போனால் சொல்லுப் போச்சு.

முதலில் உடைந்ததை அப்படியே அச்செடுத்தேன்.
விரிசலும் கூடவே இறங்கி வந்தது,
ஒரு கிளைகூட விடாமல்.
அடுத்தது, விரிசலை மெழுகால் அடைத்து.
மூன்று வாரம் ஓடியது.
பிறகு அதே இடத்தில், அதே விரிசல்.

அப்புறம்தான் நுண்ணளவியை எடுத்தேன்.
தண்டு தடிமன். துளை குறுகல்.
பொருத்திய முதல் நாளே
ஒவ்வொரு சக்கரமும் உள்ளுக்குள் பிளக்கத் தொடங்கியிருக்கிறது.
பிள்ளைகள்தான் உடைத்தார்கள் என்று
எத்தனை வீட்டில் முதுகில் விழுந்திருக்கும்!

துளையை மயிரிழை அகலப்படுத்தினேன்,
மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு.
ஒரு ஞாயிறு முழுக்க
நாலாயிரம் முறை திறந்து மூடியது சோதனைப் பெட்டி.
மின்கருவி எண்ணியது,
நான் உருளைக்கிழங்கு உரித்தேன்.

கடோவிட்ஸேயிலிருந்து கேட்டார்கள், பிர்னோவிலிருந்து,
ஆஸ்லோவில் லாரி ஓட்டும் ஒருவர் மூன்றாகக் கேட்டார்.
செயற்கைப் பல் அனுப்பும் டப்பிகளிலேயே போட்டு அனுப்பினேன்.
மூடியில் அச்சடித்திருக்கும்:
காலையும் இரவும் துலக்கவும்.

எல்பிலாங் நகரத்து ஸியெமோவித் திருப்பி அனுப்பினார்.
கூடவே ஒரு துண்டுச் சீட்டு:
"நன்றாக ஓடுகிறது. அதுதான் பிரச்சினை.
வட்டு பாதி தூரம் போனதும்
டக் என்று ஒரு சத்தம் வரும்.
அதைக் கேட்டால்தான் என் கட்டைவிரல் விழிக்கும்.
உங்கள் சக்கரம் பூனை மாதிரி நடக்கிறது."

எனக்குக் கோபம் வந்தது.
குறையைக் காசு கொடுத்துக் கேட்கிறான்,
என் வேலையைக் குறை என்கிறான்.

அந்த வாரம் கெனொவெஃபா அம்மாள்
மேல்வரிசையைக் கழற்றி என் மேசையில் வைத்தார்.
பியானோக் கட்டை மாதிரி நேராக இருக்கிறதாம்.
சிரித்தால்
வேறு யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டதாக
கணவர் திரும்பிப் பார்க்கிறாராம்.
பழைய படத்தைப் பார்த்து
முன்பல் ஒன்றைக் கொஞ்சம் திருகிவைத்தேன்.
கண்ணாடியில் பார்த்து, தலையசைத்து,
பேசாமல் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.
இதை நூறு பேருக்குச் செய்திருக்கிறேன்.

அன்றிரவு, உடைந்த பழைய சக்கரத்தை
உருப்பெருக்கியின் கீழ் வைத்து எண்ணினேன்.
பதினோராவது பல்லின் ஓரத்தில் ஒரு மேடு:
உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த வாசல்,
வெட்டியெடுத்தபோது மிஞ்சியது.
சக்கரத்துக்குத் தொப்புள்.
டப்பா நிறையக் கிடந்த பழசுகளைக் கவிழ்த்தேன்.
எல்லாவற்றிலும் பதினோராவது பல்லில்தான்.

அதைத்தான் ஒவ்வொரு முறையும்
அழுக்கு என்று நினைத்து
அரத்தால் வழித்திருக்கிறேன்,
கைசுத்தமான தொழிலாளி அல்லவா.

இப்போது இரண்டு இழுப்பறை.
ஒன்றில் டக் உண்டு, இன்னொன்றில் இல்லை.
டக் உள்ளதற்கு இரண்டு ஸ்வோட்டி கூடுதல்:
தொப்புள் வைப்பது, வழிப்பதைவிடக் கடினம்.

எல்லோரும் கூடுதல் கொடுத்தே வாங்குகிறார்கள்.
ஆஸ்லோ லாரிக்காரர் மட்டும்
இன்னும் இல்லாததையே கேட்கிறார்.
அவர் ஆடுவது நள்ளிரவில், வண்டிக்குள்.
மேல் படுக்கையில்
விடியலில் ஓட்டப்போகிறவர் தூங்குகிறாராம்.